மணி கட்டிய பிறகு

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கூடிப் பேசிக் கலைந்ததாகக் கதை. எலிகளுக்கு அது மலைப்பாக இருந்திருக்கலாம். எங்களுக்கு இரண்டு நிமிட வேலையாகவே இருந்தது. உதகை கடைவீதியில் வாங்கிய சிவப்புக் கழுத்துப்பட்டை, அதில் சுண்டைக்காய் அளவில் ஒரு மணி. பூனை கொஞ்சம் முறைத்தது, பிறகு மறந்துவிட்டது. பத்து நாட்கள் வீடு முழுதும் கிணுகிணுவென்ற ஓசை. பதினோராம் நாள் காலை வாசற்கதவைத் திறந்தபோது, படியில் மணியும் கழுத்துமாகப் பூனை உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஒரு பறவை கிடந்தது.

கறுப்புச் சிறகும் செம்மஞ்சள் உடலும் கொண்ட, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஈப்பிடிப்பான் அது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அன்றைக்குத்தான் பூனையின் நடையைக் கூர்ந்து பார்த்தோம். வீட்டுக்குள் ஓடும்போது மணி ஒலிக்கிறது. புல்லுக்குள் பதுங்கும்போது கழுத்தைத் துளியும் அசைக்காமல், தலையில் நீர்க்குடம் வைத்தவள்போல் நகர்கிறது. மணி ஊமையாகிவிடுகிறது. எலிகளின் மாநாட்டில் இந்தச் சங்கதியை எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

சமவெளியில் வாழும் நண்பர்கள், ஒரு சிட்டுக்கு இவ்வளவு கலக்கமா என்று கேட்கக்கூடும். அந்தப் பறவை சமவெளியில் இல்லை. இமயத்திலும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், நீலகிரி, பழனி போன்ற உயர்ந்த மலைகளில் மட்டுமே வாழ்வது. அடர்ந்த புதரின் அடியில், தரையிலிருந்து ஓரிரண்டு அடி உயரத்தில், அதிக ஓசையின்றி இரை தேடும் இயல்புடையது. பூனைக்கென்றே வாழ்க்கை முறையை அமைத்துக்கொண்டதுபோல. நீலகிரிச் சிரிப்பானோ இந்த ஒரு மலைத்தொகுதியைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. சோலையின் தரையில் தத்தித் திரியும் நீலக்குருவி ஒன்றும் உண்டு. அதன் பேரினத்துக்கு 2017-இல் அறிவியலாளர்கள் 'ஷோலிகோலா' என்று பெயர் சூட்டினார்கள். சோலையில் உறைவது என்று பொருள். நம் 'சோலை' இலத்தீன் வேடம் பூண்டு அறிவியலுக்குள் போய்விட்டது. தமிழாசிரியர்கள் இதற்கு ஒரு கூட்டம் போட்டிருக்க வேண்டும். எவரும் போட்டதாகத் தெரியவில்லை.

உயிரியலாளர்கள் இம்மலை உச்சிகளை வானத் தீவுகள் என்கிறார்கள். சுற்றிலும் வெப்பமான சமவெளி என்னும் கடல். மேலே குளிர்ந்த சோலைகள். கீழே இறங்கி வேறிடம் தேடிப் போக இப்பறவைகளுக்கு வழியில்லை. தீவும் பூனையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவை எப்போதும் எடுத்துக்காட்டுவார்கள். 1894-இல் அங்குள்ள கலங்கரை விளக்கத்துப் பூனை கொண்டுவந்து போட்ட பறவைகளிலிருந்துதான் பறக்கவியலாத ஒரு சிறு குருவியினம் இருப்பதையே உலகம் அறிந்தது. சில ஆண்டுகளுக்குள் அது அற்றுப்போயிற்று. ஒற்றைப் பூனை ஓரினத்தையே தின்று தீர்த்த கதையாக அது பரவியது. தீவில் பெருகிவிட்ட பல பூனைகளின் கைவரிசை என்று பிற்கால ஆய்வாளர்கள் திருத்தினார்கள். குருவிக்கு அதனால் ஆறுதல் ஒன்றுமில்லை.

எங்கள் வீடு குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் வழியில், ஒரு தேயிலைச் சரிவின் விளிம்பில் இருக்கிறது. பின்வேலியைத் தாண்டினால் தேயிலை. தேயிலை முடிகிற ஓடைக்கரையில் ஒரு துண்டுச் சோலை. பூனை நாங்கள் தேடிப்போனதன்று. ஆடிமழையில் விறகுக் கொட்டகைக்குள் வந்து கத்திய குட்டி. வெருகுக்குப் பூசை என்றும் பெயருண்டு என்று தொல்காப்பிய மரபியல் சொல்வதால் பூசை என்று பெயரிட்டோம். மகள் அதை 'பூசு' ஆக்கினாள். அம்மாவோ, பூசை என்றால் சாமிக்குச் செய்வது, அதை எலி பிடிக்கிற பிராணிக்கு வைக்கலாமா என்று இன்றும் ஒப்பவில்லை.

அதன் சேட்டைகளைப் பட்டியலிட்டால் பக்கம் போதாது. ஒன்றுமட்டும் சொல்கிறோம். உள்மதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாள்கள் நாற்பதைத் திருத்தி மேசைமேல் அடுக்கி வைத்திருந்தோம். காலையில் மேலிருந்த பதினாறு தாள்கள் கீறிக் கிழிக்கப்பட்டு, அவற்றின்மேல் வேறு காரியமும் நடந்திருந்தது. யாப்பருங்கலக்காரிகைத் தாள். மாணவர்களிடம் உண்மையைச் சொன்னோம். வகுப்பில் அன்று எழுந்த சிரிப்பைப் பற்றி எழுதாமல் விடுகிறோம்.

அதன் பிறகுதான் கருவிகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தன் முயற்சியை ஒப்பிட்டு அவையடக்கம் பாடினான் கம்பன். இணையக் கடைகளின் கடலுக்குள் புகுந்த எங்கள் நிலையும் அதுவே. அடக்கம் மட்டும் இல்லை.

முதலில் வந்தது தானியங்கி உணவுக்கலம். குறித்த நேரத்தில் குறித்த அளவு தீனியைக் கொட்டும். கொட்டுமுன் நம் குரலில் பத்து நொடி அழைக்கும். "பூசை, வா, சாப்பிடு" என்று பதிந்து வைத்தோம். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும் அதே குரல் என்றாள் மகள். ஐப்பசி மழை வந்தது. இம்மலையில் அந்த மாதங்களில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே உலவும். உப்பு கரையும், தீப்பெட்டி நமுத்துப்போகும். தீனி ஊதிப்போய்க் கலத்தின் தொண்டையில் அடைத்துக்கொண்டது. மின்சாரம் போய் வந்ததில் அதன் கடிகாரமும் குழம்பியது. ஒருநாள் இரவு இரண்டரை மணிக்கு, இருட்டில், "பூசை, வா, சாப்பிடு" என்று எங்கள் குரல் கூடத்திலிருந்து எழுந்தது. அம்மா திருநீற்றுச் சம்புடத்தைத் தேடினார். பூனை மட்டும் நிதானமாகப் போய்க் கலத்தின்முன் உட்கார்ந்து, ஒன்றும் விழாததைக் கண்டு, எங்கள் அறைக்கு வந்து முகத்தில் அறைந்து எழுப்பியது. அழைத்தது நாங்கள்தானே!

மீயொலிக் கருவி ஒன்றையும் வாங்கினோம். மனிதக் காதுக்கு எட்டாத ஓசையால் பூனையைச் செடிகளிடமிருந்து விலக்கும் என்றது அட்டைப்பெட்டி. பூனைக்கு அதைக் கேட்கும் காது உண்டு என்பது உண்மைதான். கேட்டுவிட்டு அதன் அருகிலேயே படுத்துத் தூங்கவும் அதற்குத் தெரிந்திருந்தது.

செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் கழுத்துப்பட்டையின் கதை வேறு. பள்ளத்தாக்கில் கைபேசிச் சமிக்ஞை வருவதும் போவதுமாக இருப்பதால், வரைபடத்தில் பூனை ஓடைக்கு அப்பால் நிற்பதாகப் புள்ளி காட்டியது. டார்ச் விளக்குடன் தேடி இறங்கினோம். திரும்பி வந்தபோது அது துணி அலமாரியில் கம்பளிக்கு நடுவில் உறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் தெளிவான நாட்களில் அந்தப் புள்ளிகள் ஓர் உண்மையைச் சொல்லின. பூனை எங்கும் தொலைதூரம் போகவில்லை. வேலியைச் சுற்றியே திரிகிறது. ஆறு நாடுகளில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளை இவ்வாறு பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. பெரும்பாலான வீட்டுப் பூனைகள் வீட்டிலிருந்து நூறு மீட்டருக்குள்தான் வேட்டையாடுகின்றன. அந்தச் சிறு வட்டத்துக்குள் அவை விளைவிக்கும் அழிவு, அதே அளவுள்ள காட்டு வேட்டை விலங்கு விளைவிப்பதைப்போல் பல மடங்கு. சோறு போட ஆளிருப்பதால் வேட்டை விலங்குகள் ஓரிடத்தில் இத்தனை நெருக்கமாகக் குவிந்திருக்க முடிகிறது. எங்கள் நூறு மீட்டருக்குள் அந்தத் துண்டுச் சோலை அடங்கிவிடுகிறது.

கடைசியாக வாங்கியது கேமரா. நாங்கள் கல்லூரிக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு பூனை செய்யும் அட்டூழியங்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு. பகலில் அம்மா தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பார். பூனைமுடி அவருக்கு ஆகாது. முதல் நாள் பதிவை இரவில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தோம். எட்டு நாற்பதுக்கு நாங்கள் கிளம்புகிறோம். பூனை சன்னலில் ஏறிச் சாலையைப் பார்த்து உட்காருகிறது. ஒன்பது மணி, பத்து மணி, பத்தரை. காது மட்டும் ஒவ்வொரு வண்டி ஓசைக்கும் திரும்புகிறது. பிறகு உறக்கம். இரண்டு மணிக்கு எழுந்து ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி சன்னல். மூன்றரைக்குத்தான் திரைச்சீலையில் தொங்க ஆரம்பிக்கிறது. குற்றப்பத்திரிகைக்காகக் கொண்டுவந்த கேமரா பிறழ்சாட்சியாகிவிட்டது. வேட்டைக்கென்று படைக்கப்பட்ட ஓர் உடலை ஏழு மணிநேரம் சும்மா வைத்துவிட்டு, மாலையில் வெளியே திறந்துவிடுகிறோம். அப்புறம் மணி கட்டுகிறோம்.

நமக்குத் தோன்றுவதை ஆய்வுகளும் சொல்கின்றனவா என்று தேடினோம். 2021-இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். 219 வீடுகள், வேட்டையாடும் பழக்கமுள்ள 355 பூனைகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாற்றம் செய்து, பூனை வீட்டுக்குக் கொண்டுவரும் இரையை எண்ணினார்கள். மணியால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தென்படவில்லை. முன்னைய சில ஆய்வுகள் மணிக்கு ஆதரவாகப் பேசியதும் உண்டு. எங்கள் வாசற்படி இந்த ஆய்வின் பக்கம். பளிச்சென்ற வண்ணத்துணிப் பட்டை அணிவித்தபோது பறவைகள் 42 விழுக்காடு குறைந்தன; பறவைக்கு வண்ணம் தெரிகிறது, எலிக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது மொத்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் பூனையோடு விளையாடியபோது 25 விழுக்காடு குறைந்தது. தீனியை வெளியே எடுக்கப் பூனை மூளையைச் செலவிட வேண்டிய புதிர்க்கலம் ஒன்று உண்டு. விளையாட ஆளில்லாத வீட்டில் அதை வைத்தால் போதும் என்று விற்கிறார்கள். அதை வைத்த வீடுகளில் வேட்டை 33 விழுக்காடு கூடியது. பசியோ எரிச்சலோ காரணமாகலாம் என்பது ஊகம்.

இந்த எண்களை நாங்கள் மீண்டும் மீண்டும் படித்தோம். மனிதருக்குப் பதிலாக நிறுத்திய கருவி தீமையைப் பெருக்கியிருக்கிறது. மனிதர் பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்தது காற்பங்கைக் குறைத்திருக்கிறது. நாங்கள் உணவுக்கலம், மீயொலி, கேமரா என்று தேடித் தேடி ஒப்பிட்டு, விமர்சனங்கள் படித்து, பழுது நீக்கச் செலவிட்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஓராண்டுக்கான பத்து நிமிடங்கள் தேறும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதையும் போதுமென்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பூனைகளின் கழுத்தில் சிறு கேமரா மாட்டிப் பார்த்தவர்கள், கொன்றவற்றில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அவை வீட்டுக்குக் கொண்டுவருவதைக் கண்டார்கள். படியில் கிடந்த ஒரு ஈப்பிடிப்பானுக்குப் பின்னால் நாங்கள் பார்க்காத மூன்று இருக்கக்கூடும். ஆகவே எங்கள் கட்சி இதுதான்: நீலகிரியில் சோலைக்குப் பக்கத்தில் பூனை வளர்ப்பவர்கள் அதை வெளியே திரியவிடக் கூடாது. பகலில் வேலியோடு கட்டிய கம்பிவலை வராந்தா, மாலை முதல் காலை வரை வீடு.

கல்லூரி ஓய்வறையில் இதைச் சொன்னபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. பூனையைச் சிறை வைப்பது கொடுமை என்றார் வரலாற்றுத் துறை நண்பர். திரிவதுதானே அதன் பிறவிக்குணம் என்றார். அவருடைய பூனை சென்ற ஆண்டு சாலையில் அடிபட்டது என்பதை அவரே அடுத்த வாக்கியத்தில் சொன்னார். அறிவியல் துறை நண்பரின் கேள்விதான் கனமானது. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் பூனை செல்லப்பிராணி அன்று; அரிசி மூட்டையின் காவலாள். அதை உள்ளே பூட்டினால் எலிக்கு மருந்து வைப்பார்கள். அந்த எலியைத் தின்று ஆந்தை சாகும். இது நியாயமான வாதம். கம்பிவலை வராந்தா கட்ட எங்களுக்குக் கைக்காசு இருந்தது, வாடகைக்கு விட்டவர் தடை சொல்லவில்லை. இரண்டு அறைக்குள் ஆறு பேர் வாழும் வீட்டில் போய் இதை உபதேசிக்க எங்களுக்கு வாய் வராது.

உபதேசம் அங்கிருந்துதான் எங்களுக்கு வந்தது. தேயிலைக்கு அப்பால் ஒரு பாட்டி இருக்கிறார். 1974-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்திறங்கிய தாயகம் திரும்பியோரில் ஒருவர். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இன்றும் லைன் வீட்டை 'லயம்' என்றே சொல்வார். பறவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்து, "பொழுது எறங்கினா பூனைய வெளிய விடாதீங்க சார். ஆறு மணிக்கு அதுவும் உள்ள இருக்கணும், நீங்களும் உள்ள இருக்கணும்" என்றார்.

அவர் கவலை பறவையைப் பற்றியதன்று. சிறுத்தை. இவ்வூரில் அது உவமை இல்லை. 2023 தீபாவளி நாளில் குன்னூர் புரூக்லேண்ட்ஸ் பகுதியில் நாயைத் துரத்திவந்த சிறுத்தை ஒரு வீட்டுக்குள் புகுந்து, மீட்கப்போன தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலரைக் காயப்படுத்தி, ஒரு நாளுக்கும் மேலாக உள்ளேயே இருந்துவிட்டு வெளியேறியதை நாளிதழ்களில் எல்லோரும் படித்தோம். வீட்டுவாசலில் திரியும் நாயும் பூனையும் சிறுத்தையை வேலிக்குள் வரவழைக்கும் இரை. எங்கள் கேமராவை ஒரு வாரம் வாசல்பக்கம் திருப்பி வைத்தோம். மூன்று இரவு காட்டுமாடு வந்தது. நான்காம் இரவு, இரண்டு மணி வாக்கில், அவசரமே இல்லாமல் ஒரு நீண்ட வால் சட்டகத்தைக் கடந்தது. அந்தப் படியில்தான் பூசை மணியோடு உட்கார்வது வழக்கம்.

பாட்டியின் கருவி ஒரு மூங்கில் பஞ்சாரம். கோழி கவிழ்க்கிற அதே பஞ்சாரம். மாலையில் அவருடைய சாம்பல்நிறப் பூனையை உள்ளே விட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுகிறார். அரைமணி நேரம் கத்தும். பிறகு உறங்கும். எலி வேட்டையெல்லாம் பகலில் வீட்டுக்குள். மாலையில் வேலியோரம் வெருகு வர, வீட்டுக்கோழி பதறித் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் காட்சியைக் குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் வைத்திருக்கிறார். இருபது ஆண்டுகளாக அதை வகுப்பில் நடத்திவருகிறோம். வெருகிடமிருந்து கோழியைக் காக்கிற கூடைக்குள் பூனையே புகுந்துகொண்டு சிறுத்தையிடமிருந்து தப்பும் நாளொன்று வரும் என்று தோன்றியதே இல்லை. பாட்டியின் வீட்டுத் திண்ணையில் அதைப் பார்த்த பிறகு அந்தப் பாடலைப் பழையபடி நடத்த முடியவில்லை.

உள்ளே வைப்பதற்கும் விலை உண்டு. முதல் மாதத்தில் மகளின் கையைக் கீறிவிட்டது. பூனைக்குத் தடுப்பூசி போட்டிருந்தும் மருத்துவர் ஒத்திப்போடவில்லை. 0, 3, 7, 28 என்று நாட்கணக்கில் அவளுக்கும் ஊசி. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் பழைய கட்டடத்தைக் காட்டி அவளுக்குக் கதை சொன்னோம். 1902-இல் வெறிநோயால் ஓர் ஆங்கிலேய இளம்பெண் இறந்துபோக, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் தந்த நன்கொடையும் சேர்ந்து, 1907-இல் தென்னிந்தியாவுக்கென்று அது திறக்கப்பட்டது. தடுப்பூசிக்கென்று ஒரு நிறுவனமே நம் ஊரில் இருக்க, ஊசிக்கு அழலாமா என்று கேட்டோம். அழலாம் என்றாள்.

ஆறுமாதப் பருவத்திலேயே கருத்தடை அறுவையும் செய்துவிட்டோம். கருவிகளில் எஞ்சியவை இரண்டு. இரவில் வாசலைப் பார்க்கும் கேமரா. வராந்தாவில் இருக்கும்போதும் தற்செயலாகத் தப்பிவிட்டால் பறவை கண்டுகொள்ளட்டும் என்று அம்மா தைத்த மஞ்சள் சிவப்புத் துணிப்பட்டை. அதை அணிந்த பூனை சர்க்கஸ் கோமாளிபோல் இருக்கிறது. அதற்கே அது தெரியும் என்று நினைக்கிறோம். உணவுக்கலத்தை மகள் அலமாரியில் வைத்திருக்கிறாள். மின்கலத்தைக் கழற்றிய பிறகுதான்.

நேற்று மாலை ஆறு மணிக்கு நூலில் கட்டிய துணிப்பந்தோடு கூடத்துத் தரையில் உட்கார்ந்தோம். பூசை மூன்றுமுறை பாய்ந்தது. நான்காம் முறை எங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. சோலைப்பக்கம் சிரிப்பான் ஒன்று உரக்கச் சிரித்தது. பூனை நிமிர்ந்து காதைத் திருப்பிச் சன்னலைப் பார்த்தது. நூலை இன்னொருமுறை இழுத்தோம்.